மதகு இங்கே... சாவி எங்கே? கெலவரப்பள்ளி சொல்லும் மாநில உரிமைக் கதை

பெங்களூரு பக்கம் நல்ல மழை என்றால், ஓசூர்க்காரர்களின் செல்போனில் ஒரு வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். கெலவரப்பள்ளி அணையின் மதகு திறந்திருக்கும். தண்ணீரைக் காணோம், வெள்ளை வெளேரென்று நுரைதான் தெரியும். பஞ்சுப் பொதி மாதிரி ஆற்றை மூடி, காற்றடித்தால் ரோட்டுக்கும் வயலுக்கும் பறக்கும். வெளியூர்க்காரர்கள் ‘பனி மாதிரி இருக்கே’ என்று ரசிப்பார்கள். அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறவர்களால் ரசிக்க முடியாது.

அணை தமிழ்நாட்டுடையது. மதகைத் திறப்பதும் மூடுவதும் தமிழ்நாட்டின் நீர்வளத் துறை. ஆனால், அணைக்குள் எவ்வளவு தண்ணீர் வரவேண்டும், அது எந்த நிறத்தில் வரவேண்டும் என்பதெல்லாம் இங்கே முடிவாவதில்லை. தண்ணீர் மட்டுமா? ஓசூரில் விமானம் இறங்கலாமா என்பதும், ஓசூரில் செய்த ஸ்கூட்டரின் வரி யாருக்குப் போகும் என்பதும் வேறு எங்கோ போட்ட கையெழுத்துகளைப் பொறுத்தது.

ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டே, தன் வீட்டுக் காரியத்தைத் தானே முடிவு செய்ய முடியுமா? டெல்லியும் சென்னையும் பல பத்தாண்டுகளாகப் பேசிவரும் ‘மாநில சுயாட்சி’ என்ற விஷயம் இதுதான். மேடையில் கேட்டால் வறட்டு அரசியலாகத் தெரியும். கெலவரப்பள்ளியில் நின்று பார்த்தால், அது சோற்றுப் பிரச்னை, வேலைப் பிரச்னை.

நுரை வரும் வழி

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறக்கிறது. அங்கே அதற்குப் பெயர் தட்சிண பினாகினி. பெங்களூருவின் கிழக்குப் புறம் வழியாக ஓசூர் பக்கம் இறங்கும் ஆற்றைத் தமிழ்நாட்டில் முதலில் தேக்குவது கெலவரப்பள்ளி அணை. 44.28 அடி உயரம் வரை தண்ணீர் நிறுத்தலாம். இடது, வலது கால்வாய்கள் மூலம் ஓசூர், சூளகிரி வட்டாரத்தில் சுமார் 8,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது. தக்காளி, கோஸ், கொத்தமல்லி, ரோஜா என்று சந்தைக்குப் போகும் பல பயிர்களுக்கு இதுதான் ஆதாரம்.

சிக்கல் மேலே இருக்கிறது. பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நுரை பொங்கியும், ஏரியே தீப்பிடித்தும் நாடு முழுக்கச் செய்தியான ஏரிகள். மாநகரத்தின் சாக்கடையில் பெரும்பகுதி அங்கே சேர்ந்து, வர்த்தூரைத் தாண்டி தட்சிண பினாகினியில் கலக்கிறது. சோப்புத்தூளிலும் பாத்திரம் தேய்க்கும் திரவத்திலும் உள்ள ரசாயனம் தண்ணீரில் தங்கிவிடும். உயரத்திலிருந்து விழும்போது காற்றும் சேர்ந்தால் நுரைக்கும். கெலவரப்பள்ளி மதகில் நடப்பது அதுதான். தொழிற்சாலைக் கழிவும் கலக்கிறது என்பது இங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் புகார்.

தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அணைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதிக்கலாம். அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய் ஒரு குழாயை மூட முடியாது. வாரியத்தின் அதிகாரம் மாநில எல்லையோடு முடிந்துவிடுகிறது. ஆற்றுக்கு அந்த எல்லை தெரியாது.

மூன்று பட்டியல், மூன்று பூட்டு

யாருக்கு எந்த அதிகாரம் என்பதை அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை சொல்கிறது. மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவருக்கும் பொதுவான பட்டியல் என்று மூன்று. 1950-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மத்தியப் பட்டியலில் 97 இனங்கள், மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47.

கெலவரப்பள்ளியின் கதை இந்த அட்டவணையில் அப்படியே இருக்கிறது. தண்ணீர், மாநிலப் பட்டியலில் 17-வது இனம். ஆனால், பல மாநிலங்களில் ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 56-வது இனம். தொழில், மாநிலப் பட்டியலில் 24-வது இனம். ஆனால், பொதுநலன் கருதி எந்தத் தொழிலையும் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளலாம். விமான நிலையமோ முழுக்க முழுக்க மத்தியப் பட்டியல்.

அதாவது, மாநிலத்துக்குக் கொடுத்த பெட்டிகள் பலவற்றுக்கு இரண்டாவது சாவி ஒன்று டெல்லியில் இருக்கிறது. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42-வது திருத்தம், கல்வி, காடு உள்ளிட்ட ஐந்து இனங்களை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. பள்ளிப் பிள்ளைகள் வரை இன்றும் எதிரொலிக்கும் மாற்றம் அது.

வாதியாக நின்றபோது...

ஆற்று விவகாரத்துக்கு ஒரு பழைய ஒப்பந்தம் உண்டு. 1892-ல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்டது. குறிப்பிட்ட ஆறுகளில் புதிய பாசன வேலைகளை மைசூர் தொடங்கினால், கீழே இருக்கும் சென்னையின் சம்மதத்தைப் பெறவேண்டும் என்பது அதன் சாரம்.

தென்பெண்ணையின் கிளையான மார்க்கண்டேய நதியில், கோலார் மாவட்டம் யார்கோலில் கர்நாடகம் ஓர் அணையைக் கட்டத் தொடங்கியது. கீழே உள்ள மாவட்டங்களின் பாசனம் பாதிக்கும் என்று தமிழ்நாடு 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கர்நாடகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. கோலார் வறட்சி மாவட்டம், மாலூர், பங்காருபேட்டை மக்களுக்குக் குடிநீர் வேண்டும் என்றது.

2019 நவம்பரில், இடைக்காலத் தடை கேட்ட தமிழ்நாட்டின் மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை. நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசிடம் போகலாம் என்றது. தமிழ்நாடு அதே மாதம் கோரிக்கை வைத்தது. 1956-ம் ஆண்டின் நதிநீர்த் தகராறுச் சட்டப்படி, பேச்சில் தீராது என்று மத்திய அரசு கருதினால், கோரிக்கை வந்த ஓராண்டுக்குள் நடுவர் மன்றம் அமைக்க வேண்டும். ‘கருதினால்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் விஷயம் தொங்கியது. பேச்சுவார்த்தைக் குழு, அவகாசம், மறுபடியும் பேச்சு என்று ஆண்டுகள் ஓடின. அதற்குள் யார்கோலில் அணை எழுந்துவிட்டது.

இத்தனைக்கும் அந்த வழக்கு தண்ணீரின் அளவைப் பற்றியது. நுரை அதில் முக்கிய விஷயமே இல்லை. அளவுக்கு ஒரு மன்றம், அழுக்குக்கு இன்னொரு மன்றம். ஆறு என்னவோ ஒன்றுதான்.

மூன்றாவது ஆளாக நின்றபோது...

2024 ஜூன் 27-ம் தேதி, ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று சட்டமன்றத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 2,000 ஏக்கர் பரப்பு, ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் என்பது திட்டம். ஓசூரின் தொழிற்சாலைகளுக்கு இது பழைய கனவு. இப்போது விமானம் பிடிக்க வேண்டுமானால், பெங்களூரு நெரிசலை முழுசாகக் கடந்து வடக்குக் கோடியில் உள்ள தேவனஹள்ளிக்குப் போகவேண்டும்.

கனவுக்குக் குறுக்கே ஒரு காகிதம் இருக்கிறது. தேவனஹள்ளி விமான நிலையத்தைக் கட்ட முன்வந்த நிறுவனத்தோடு மத்திய அரசு 2004-ல் ஓர் ஒப்பந்தம் போட்டது. முதலீடு செய்கிறவர்களுக்கு நம்பிக்கை தர, அங்கிருந்து வான்வழியாக 150 கி.மீ. தொலைவுக்குள், 25 ஆண்டுகளுக்கு வேறொரு பன்னாட்டு விமான நிலையத்தை அனுமதிப்பதில்லை என்று ஒரு ஷரத்து சேர்க்கப்பட்டது. மைசூருவுக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. நிலையம் 2008 மே மாதம் திறந்தது. கணக்குப் போட்டால் 2033.

அந்த 150 கி.மீ. வட்டத்துக்குள் ஓசூர் விழுகிறது. ஓசூர் அருகே தனியார் ஓடுதளம் ஒன்று ஏற்கெனவே இருந்தும், சிறு நகரங்களை இணைக்கும் ‘உடான்’ திட்டப் பேச்சு வந்தபோதும் இதே ஷரத்துதான் முட்டுக்கட்டை போட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்று. பெங்களூரு விமான நிலைய நிறுவனத்தில் கர்நாடக அரசுக்குப் பங்கு உண்டு. பேச்சின்போது அது மேஜையில் இருந்தது, தன் ஊர்கள் இரண்டுக்கு விலக்கும் கிடைத்தது. தமிழ்நாட்டு மண்ணைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவே இல்லை. விதி ஒன்றுதான். உள்ளே இருந்தவருக்கு ஒரு பலன், வெளியே இருந்தவருக்கு வேறு பலன்.

பங்காளியாக நின்றபோது...

இதே ஓசூரில் நேர்மாறான கதையும் உண்டு. அது நிறைய பேரின் மணிக்கட்டில் இருக்கிறது.

1970-களில் ஓசூர், தர்மபுரி மாவட்டத்தின் பின்தங்கிய ஓர் ஊர். அன்றைக்கு எந்தப் பெரிய ஆலைக்கும் டெல்லியின் தொழில் உரிமம் தேவை. ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்’ என்று அந்த முறையைச் சாடிய ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர் என்பது சுவையான பொருத்தம். உரிமம் தரும் அதிகாரம் மாநிலத்திடம் இல்லை. ஆனால் நிலம், சாலை, மின்சாரம், தண்ணீர் மாநிலத்திடம் இருந்தன. 1971-ல் தொடங்கிய சிப்காட் மூலம் தமிழ்நாடு அரசு ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. பெங்களூரு 40 கி.மீ. தூரத்தில் இருந்ததும் கைகொடுத்தது.

அடுத்த படி இன்னும் சாமர்த்தியமானது. கைக்கடிகாரம் என்றால் மத்திய அரசின் எச்.எம்.டி. என்றிருந்த காலம். தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனம், டாடா குழுமத்தோடு கைகோத்து 1984-ல் ஒரு கடிகார நிறுவனத்தைத் தொடங்கியது. டாடா இண்டஸ்ட்ரீஸின் முதல் எழுத்துகளும் தமிழ்நாட்டின் முதல் எழுத்துகளும் சேர்ந்து ‘டைட்டன்’ ஆனது. ஆலை ஓசூரில் எழுந்தது. இன்று நகை, கண்ணாடி என்று விரிந்துவிட்ட அந்த நிறுவனத்தில் டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம். ஒவ்வோர் ஆண்டும் ஈவுத்தொகை தமிழ்நாட்டுக்கு வருகிறது.

1991-ல் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமமுறை போனது. அப்போது ஓசூர் தயாராக இருந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். என்று வளர்ந்த ஊர், இன்று செல்போன் பாகங்கள், மின்சார வாகனங்கள் வரை வந்திருக்கிறது. 2019-ல் மாநகராட்சியும் ஆனது.

டெல்லியின் விதியை மாற்ற முடியாதபோது, விதிக்குள் தனக்கிருந்த இடத்தை முழுசாகப் பயன்படுத்தியது மாநிலம். மனு கொடுத்துக் காத்திருக்காமல் பங்காளியாக உட்கார்ந்தது. அதன் பலன்தான் இது.

விட்டுக்கொடுத்ததும் உண்டு

ஓசூர் ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டிய காலத்தைப் பலர் மறந்திருப்பார்கள். 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த விற்பனைவரிச் சோதனை முடிந்தது. ஓசூர் ஆலைக்கு பெங்களூருவிலிருந்து உதிரிபாகம் வருவது எளிதானது.

ஆனால் விலை இல்லாமல் இல்லை. பொருள் எங்கே விற்கிறதோ அந்த மாநிலத்துக்கே வரி என்பதுதான் ஜி.எஸ்.டி.யின் அடிப்படை. ஓசூரில் செய்த ஸ்கூட்டர் லக்னோவில் விற்றால், மாநிலப் பங்கு உத்தரப்பிரதேசத்துக்கு. உற்பத்தி மாநிலமான தமிழ்நாடு இதனால்தான் கடுமையாக எதிர்த்தது. 2016-ல் மாநிலங்களவையில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். இழப்பீடு ஐந்தாண்டுக்குக் கிடைத்தது, 2022 ஜூனில் அது முடிந்தது.

ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். மத்திய அரசு சம்மதிக்காமல் எதுவும் நடக்காது, மத்திய அரசு மட்டும் நினைத்தாலும் நடக்காது. குறைகள் உண்டு. ஆனாலும் மாநிலத்துக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

கேட்டது என்ன?

மாநில சுயாட்சி என்றதும் ‘பிரிந்து போகச் சொல்கிறார்களா’ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. திராவிட நாடு கோரிக்கையை அண்ணா 1960-களின் தொடக்கத்திலேயே கைவிட்டார். அதற்குப் பின் வந்தது ஒன்றியத்துக்குள் உரிமை என்ற கோரிக்கை. 1969-ல் கருணாநிதி அரசு, நீதிபதி பி.வி.ராஜமன்னார் தலைமையில் குழு அமைத்தது. 1971-ல் அறிக்கை வந்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1983-ல் மத்திய அரசே சர்க்காரியா ஆணையத்தை அமைத்தது. 2025 ஏப்ரல் 15-ல், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழ்நாடு மறுபடி ஒரு குழுவை அறிவித்தது.

பிரதமரும் முதல்வர்களும் உட்கார்ந்து பேச 1990-ல் மாநிலங்களுக்கு இடையிலான மன்றம் அமைக்கப்பட்டது. அதன் 11-வது கூட்டம் நடந்தது 2016 ஜூலையில். கால் நூற்றாண்டில் 11 முறை என்றால், சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைகூட இல்லை.

இது இந்தியாவுக்கு மட்டுமான சிக்கலும் அல்ல. 27 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘மூலோபாயத் தன்னாட்சி’ என்று இப்போது அதிகம் பேசுகிறார்கள். அமெரிக்காவையோ சீனாவையோ சார்ந்து நிற்காமல் ஐரோப்பா தன் முடிவைத் தானே எடுக்க வேண்டும் என்பது பொருள். ஆனால், ஒன்றியத்துக்குப் பலம் கூட்டினால் உறுப்பு நாட்டின் கை கட்டப்படுமோ என்ற பயமும் கூடவே வருகிறது. வெளியுறவு விஷயத்தில் ஒரே ஒரு நாடு மறுத்தாலும் முடிவு நின்றுபோகலாம்.

ரைன் நதி சொன்ன வழி

அதே ஐரோப்பாவில் கெலவரப்பள்ளிக்குப் பொருத்தமான பாடம் ஒன்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் தொடங்கி, பிரான்ஸ், ஜெர்மனி வழியாக நெதர்லாந்தில் கடலில் சேரும் ரைன் நதி. எல்லோருடைய அழுக்கும் கடைசியில் நெதர்லாந்தின் வாசலுக்கு வரும். நதியைக் காக்க 1950-லேயே கரையோர நாடுகள் கூட்டு ஆணையம் வைத்தும் வேகம் வரவில்லை. 1986 நவம்பர் 1-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைத்த தண்ணீரோடு விஷமும் ஆற்றில் இறங்கி, நூற்றுக்கணக்கான கி.மீ.க்கு மீன்கள் செத்து மிதந்தன. அடுத்த ஆண்டே எல்லா நாடுகளும் ஒரு செயல்திட்டத்துக்கு ஒப்புக்கொண்டன. 2000-க்குள் சால்மன் மீன் ரைனுக்குத் திரும்ப வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். தண்ணீரும் தேறியது, மீனும் திரும்பியது.

கீழ்மடை நாடான நெதர்லாந்தின் ஆற்றைச் சுத்தமாக்கியது, எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருந்திய பொது விதி. தனித்து நின்றிருந்தால் அது புகார் மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்தியாவில் இதற்கான சட்டங்கள் இல்லாமல் இல்லை. நதி வாரியச் சட்டம் 1956-லேயே வந்தது. அதன்கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. 1974-ன் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, மாநில வாரியங்களுக்குள் தகராறு வந்தால் தீர்த்து வைப்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலைகளில் ஒன்று. அந்தச் சட்டமே, சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டதால் நாடாளுமன்றம் இயற்றியதுதான். தண்ணீர் மாநில அதிகாரம் என்பதால் அப்படித்தான் செய்ய முடிந்தது. உரிமையை விடாமலே பொது விதிக்கு ஒப்புக்கொள்ளலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

தென்பெண்ணைக்கும் அப்படி ஒன்று முடியும். இரு மாநில வாரியங்களும் சேர்ந்து மாதிரி எடுத்து, முடிவை மக்கள் பார்க்கும்படி வெளியிடலாம். பெங்களூருவின் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் காலக்கெடு வைக்கலாம். தண்ணீரின் அளவையும் தரத்தையும் ஒரே மேஜையில் பேசலாம்.

அந்த மேஜையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு கேள்வி காத்திருக்கும். கெலவரப்பள்ளிக்குக் கீழே கிருஷ்ணகிரி அணை இருக்கிறது, அதற்கும் கீழே சாத்தனூர், கடைசியில் கடலூர். ஓசூர் தன் கழிவைச் சரியாகச் சுத்திகரிக்காவிட்டால், கிருஷ்ணகிரிக்கு ஓசூர்தான் பெங்களூரு. டெல்லியிடம் அதிகாரம் கேட்கும் சென்னை, ஓசூர் மாநகராட்சிக்கும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் எவ்வளவு அதிகாரமும் பணமும் தருகிறது என்பதும் அதே கேள்விதான்.

2033-ல் விமான நிலைய ஷரத்து தானாக முடிந்துவிடும். அதற்குக் காலண்டர் போதும். ஆற்றுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. ரோஜாவுக்கும் தக்காளிக்கும் இன்றைக்குப் பாயும் தண்ணீர், பெங்களூருவில் நேற்று துணி துவைத்த தண்ணீர். அதைச் சுத்தமாக்கும் பேச்சில் கீழ்க்கரைக்காரருக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.